முட்டை யார் பேரில் உடையும்?

காற்று மாசு என்று பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். குளிர்காலத்து பஹ்மன் மாதத்தில் தெஹ்ரானுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை பரஸ்தூவுக்கு எரிச்சலாக வந்தது. எல்லா வேலையையும் தனியாக, நிம்மதியாக முடித்துவிட்டு, வியாழன் விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு குடும்பங்களையும் தீஸின் பனிமலைக்குக் கிளப்ப வேண்டும் என்று இருந்தாள். இப்போது மகள் தெல்சா வீட்டில். கீழ்த்தளத்தில் இருக்கும் நாத்தனார் ஹொமா பள்ளியில் வேதியியல் டீச்சர், அவளுக்கும் விடுமுறை. காலையிலிருந்தே மேலே வந்து உட்கார்ந்துகொண்டு டீ கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏற்பாட்டில் யாரும் குறை சொல்ல முடியாது. அதை இந்த இடத்தில் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று பட்டியல்கள் ஒட்டியிருந்தன. டயர் சங்கிலி, ஆளுக்கொரு ஹெல்மெட், பனிக்கண்ணாடி, வெயில் களிம்பு, மலைக் காப்பீட்டு அட்டை, மீட்புக் குழுவின் போன் நம்பர் எல்லாம் ஒன்றில். சாலூஸ் சாலையில் கூட்டம் சேர்வதற்கு முன் ஏறிவிட வேண்டும், கரஜிலேயே பெட்ரோல் போட்டுவிட வேண்டும், மலையில் கயிறு கட்டிய எல்லையை யாரும் தாண்டக் கூடாது என்பதெல்லாம் இன்னொன்றில். கட்லெட், லவாஷ் ரொட்டி, ஊறுகாய், இரண்டு ஃபிளாஸ்க் டீ மூன்றாவதில்.

நான்காவது பட்டியல் ஒன்று அவள் மனதுக்குள் இருந்தது. அதில் ஒரே பெயர்தான். மாந்தானா.

மாந்தானா அவளுடைய ஓர்ப்படி. கணவன் பெஹ்ரங்கின் அண்ணன் கியூமர்ஸைக் கட்டியவள். சென்ற வாரம் பணக்கார வடக்குத் தெஹ்ரானில், நியாவரானில் அவர்கள் வீட்டு விருந்தில் ஒன்று நடந்தது. குங்குமப்பூச் சாதத்தை வட்டிலில் குவித்துக்கொண்டே மாந்தானா சொன்னாள்: "பாவம் பரஸ்தூ. அஹ்வாஸ்ல ஐம்பது டிகிரில வளர்ந்தவ. அவளுக்குப் பனின்னா ஃப்ரீசர்ல இருக்கறதுதான்." மேசை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் பெஹ்ரங்கும் ஒருவன். மற்றவர்கள் சிரித்ததைக்கூட அவள் மன்னித்துவிட்டாள், அவனை மன்னிக்கவில்லை.

அந்தச் சூட்டில்தான் வாயைக் கொடுத்தாள். தானும் தெல்சாவும் நான்கு வெள்ளிக்கிழமை ஆபலிப் பனிச்சரிவுக்குப் போய் ஸ்கீ சறுக்கக் கற்றுக்கொண்டதாகவும், பயிற்சியாளரே அசந்துபோனதாகவும் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை எல்லாரும் சேர்ந்து தீஸின் போறோம். ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு" என்றும் சொல்லிவிட்டாள்.

நான்கு வெள்ளிக்கிழமை ஆபலிக்குப் போனது நிஜம். பெஹ்ரங்குக்கு மின்வாரியத்தில் வெள்ளிக்கிழமை முறை வேலை, அவன் கூட வரவில்லை என்பதும் நிஜம். ஆனால் அங்கே அம்மாவும் பெண்ணும் செய்தது, லாரி டயரின் உள்குழாயை ஊதி, அதன்மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டே சரிவில் இறங்கியதுதான். ஸ்கீயை அவர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள்.

பொய்யோடு போயிருந்தால் தொலைகிறது. ஸ்கீ வாடகைக் கடைக்காரன் போனில் ஒரு படிவம் அனுப்பினான். பெயர், வயது, உயரம், எடை, எந்த நிலை. புதிதாகக் கற்பவர் என்றால் ஒன்று, ஓரளவு தெரியும் என்றால் இரண்டு, வேகமாகப் போகிறவர் என்றால் மூன்று. பெஹ்ரங் வெட்கமே இல்லாமல், "எனக்கு ஒண்ணு போடு, நான் டீ குடிக்கத்தான் வர்றேன்" என்றான். மாந்தானாவுக்கும் கியூமர்ஸுக்கும் சொந்த ஸ்கீ இருக்கிறது. அவர்கள் மகள் ஆர்னிகா வளர்ந்துவிட்டதால் அவளுக்கு மட்டும் வாடகைக்கு வேண்டும். மாந்தானா போனில், "ஆர்னிகாவுக்கு ரெண்டுன்னு போடு" என்றாள்.

ஆர்னிகாவுக்கு இரண்டு என்று போட்டாள் பரஸ்தூ. அடுத்த வரியில் தெல்சாவுக்கு மூன்று என்று போட்டாள். அதற்கடுத்த வரியில் தனக்கும் மூன்று. போட்ட கையோடு அனுப்பியும் விட்டாள். பள்ளிக்கூடத்து மதிப்பெண் மாதிரி அது ஏதோ கௌரவத்துக்கு என்றுதான் அவள் நினைத்தாள்.

பத்தரை மணிக்கு ஸ்கீக்கள் வந்து இறங்கின. பதினொன்றுக்கு மாந்தானா வந்தாள்.

"ஆர்னிகா பியானோ கிளாஸ்ல இருக்கா. அவளோடதை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன், பரஸ்தூ ஜான்."

"வாங்க மாந்தானா ஜான். உங்க காலடி பட்டதே எங்க கண்ணுக்கு வெளிச்சம்."

இவர்கள் இருவருக்கும் இடையில் எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு 'ஜான்', அதாவது 'என் உயிரே', போடுவார்கள். ஹொமா டீக்கோப்பைக்குப் பின்னாலிருந்து இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பாள்.

மாந்தானாவின் முகம் செம்பழுப்பாகக் கருத்திருந்தது. கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக ஒரு பட்டை. பனிக்கண்ணாடி போட்டு வெயிலில் சறுக்கியவர்களுக்கு விழும் அடையாளம் அது. வடக்குத் தெஹ்ரானில் அதை மறைக்க யாரும் பவுடர் போட மாட்டார்கள், நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிவார்கள். பரஸ்தூவுக்கு அந்த வெள்ளைப் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அன்றும் எரிந்தது.

மாந்தானா ஒரு பையை நீட்டினாள். உள்ளே ஆர்னிகாவின் போன வருஷத்துப் பனி உடை. ஆரஞ்சு நிறம், வெளிநாட்டுச் சரக்கு.

"தெல்சாவுக்குப் புதுசு வாங்கியாச்சு" என்றாள் பரஸ்தூ.

"பார்த்தேன், படம் போட்டிருந்தியே. அது தண்ணியை உறிஞ்சிடும். ரெண்டு தடவை விழுந்தா உள்ள நனைஞ்சு குழந்தை நடுங்கும். இது உறிஞ்சாது."

"தெல்சா விழ மாட்டா."

சொல்லிவிட்டாள். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மாந்தானா சிரிக்கவில்லை. தெல்சாவின் ஸ்கீயில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைப் பார்த்தாள். பிறகு, "ஆமாம், மூணாம் நிலையாச்சே" என்றாள் மெதுவாக.

தெல்சா இந்தச் சண்டை எதிலும் இல்லை. ஆரஞ்சு உடையைப் போட்டுக்கொண்டு, பூட்ஸையும் மாட்டிக்கொண்டு, ஹாலில் தப்ரீஸ் கம்பளத்தின் நடுவில் ஸ்கீயை வைத்துவிட்டாள்.

"அம்மா, ஒரு தடவை மாட்டிப் பார்க்கிறேன்."

"வேண்டாம், கம்பளம் வீணாகும்" என்றாள் ஹொமா.

"மாட்டட்டும்" என்றாள் மாந்தானா. "எப்படி நிக்கறான்னு பார்ப்போம்."

பரஸ்தூ தடுத்திருக்கலாம். ஆனால் ஓர்ப்படி பார்க்க வேண்டும் என்று கேட்கும்போது எப்படித் தடுப்பது. குதிகாலை அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும் என்று கடைப்பையன் காட்டியிருந்தான். தெல்சா அழுத்தினாள், பூட்டிக்கொண்டது. இரண்டு காலிலும் பலகையோடு நிமிர்ந்து நின்று, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்பது வயதுக்கு அவள் கொஞ்சம் ஒல்லி.

அப்படியே திரும்ப முயன்றாள். ஒரு ஸ்கீயின் நுனி சோபாக் காலில் சிக்கியது. உடம்பு ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் நின்றது. பக்கவாட்டில் விழுந்தாள், பூட்ஸ் பலகையை விட்டுக் கழலவே இல்லை. முழங்கால் திருகிக்கொண்டு, அந்த நீளப் பலகையோடு தரையில் கிடந்து அலறினாள்.

மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். மாந்தானாதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். பின்பக்க நெம்புகோலை அழுத்திக் காலை விடுவித்து, முழங்காலைச் சுற்றிலும் தடவி, மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லை. லேசான பிசகுதான். ஐஸ் கொண்டு வா."

ஹொமா வெந்நீரில் கற்கண்டைப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் ஊரில் வயிற்றுவலி, பரீட்சைப் பயம், தலாக், எது வந்தாலும் முதலில் கற்கண்டுத் தண்ணீர்தான். தெல்சா விசும்பிக்கொண்டே குடித்தாள். பரஸ்தூ ஐஸைத் துணியில் சுற்றி வைத்தாள்.

மாந்தானா ஸ்கீயைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்ஸைக் கவ்வும் பிடியில், அது எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் சின்ன எண் ஒன்று தெரியும். அதை விரலால் தேய்த்தாள்.

"மூணுக்கு வெச்சிருக்கான். இருபத்தெட்டு கிலோ குழந்தைக்கு."

"அது அதிகமா?" என்றாள் பரஸ்தூ. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"புதுசா கத்துக்கற குழந்தைன்னா ஒண்ணரை, மிஞ்சிப்போனா ரெண்டு. விழுந்தா உடனே கழண்டு காலை விட்டுடணும், அதுக்குத்தான் லேசா வைப்பாங்க. வேகமா போறவங்களுக்கு லேசா வெச்சா பாதி வழியிலயே கழண்டு போயிடும். அதனால இறுக்குவாங்க. நீ மூணாம் நிலைன்னு போட்டதால அவன் சரியாத்தான் வெச்சிருக்கான். உனக்குத் தெரியாததா."

"தெரியும்" என்றாள் பரஸ்தூ.

தெரியாது. அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. படிவத்தில் அவள் போட்ட எண் மகளின் கால் எலும்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கம்பளத்தில் நின்ற இடத்தில் விழுந்ததற்கே இப்படி என்றால், நாளைக்குச் சரிவில் வேகமாக விழுந்தால் என்ன ஆகும்?

கடைக்குப் போன் செய்து ரகசியமாக மாற்றச் சொல்லிவிடலாம். அவள் மனம் உடனே அங்கேதான் ஓடியது. பெஹ்ரங் நாலு மணிக்கு வருவான், அவனிடம் ஏதாவது சொல்லிக் கொடுத்தனுப்பலாம். யாருக்கும் தெரிய வேண்டாம். பயிற்சி வகுப்பில் தெல்சாவைக் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டால் போயிற்று. இப்படி ஒவ்வொன்றாகக் கோர்த்துக்கொண்டிருக்கும்போதே ஹொமா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு முட்டை இருந்தது. கூடவே ஒரு கரித்துண்டு, இரண்டு நாணயம், ஒரு பழைய தலைத்துணி.

"கண்ணு பட்டிருக்கு" என்றாள். "யாரோடதுன்னு பார்த்துடுவோம்."

மாந்தானா சிரித்தாள், மரியாதைக்கு ஒரு 'கானும்' சேர்த்து. "வேதியியல் டீச்சர் முட்டை உடைக்கறீங்களா, ஹொமா கானும்?"

"முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். அது எனக்கும் தெரியும். கண்ணு வேற டிபார்ட்மென்ட்."

உடைக்கும் முறை தெரியாத வீடு எங்கள் ஊரில் குறைவு. குழந்தையைப் பார்த்தவர்கள், ஸ்கீயைப் பார்த்தவர்கள் என்று ஒவ்வொருவர் பெயருக்கும் முட்டையில் கரியால் ஒரு வட்டம் போட வேண்டும். மேலும் கீழும் நாணயத்தை வைத்து, துணியில் சுற்றி, இரண்டு கைக்கும் நடுவில் அழுத்த வேண்டும். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே அழுத்தினால், கண் வைத்தவர் பெயரில் முட்டை உடையும். பெற்றவர்கள் பெயரையும் விட்டுவிடக் கூடாது. பெற்றவள் கண்ணும் படும் என்பார்கள்.

இதையெல்லாம் நம்புகிறாளா என்று பரஸ்தூவை யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் தன் நெஞ்சுக்குள் ஒரு வாரமாக என்ன எரிந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமே. அந்தத் தீ எங்கேயாவது போய்ப் பட்டிருந்தால், அது மகள் முழங்காலில்தான் பட்டிருக்கும். என் பெயரில்தான் உடையப்போகிறது என்று நிச்சயமாக நம்பினாள்.

"மூணாவது மாடி கர்னல் பொண்டாட்டி" என்றாள் ஹொமா. "லிஃப்ட்ல ஸ்கீயைப் பார்த்துட்டு, கண்ணு படாம இருக்க ஒரு 'மாஷா அல்லா' சொல்லலை அவ." அழுத்தினாள். முட்டை அசையவில்லை.

"ஸ்கீ கொண்டு வந்த பையன்." இல்லை.

"கியூமர்ஸ்." இல்லை.

"பெஹ்ரங்." இல்லை.

"ஹொமா" என்று தன் பெயரைச் சொல்லி, மனதார அழுத்தினாள். இல்லை.

தெல்சா அழுகையை மறந்துவிட்டு வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரஸ்தூ."

ஹொமாவின் விரல் நுனிகள் வெளுக்கும் வரை அழுத்தியதைப் பரஸ்தூ பார்த்தாள். ஓடு தாங்கியது. அவளுக்கு நம்பவே முடியவில்லை.

"மாந்தானா."

பட்டென்று உடைந்து துணிக்குள் வழிந்தது.

இந்த இடத்தில் சிரித்துவிடுவதுதான் வழக்கம். கண் வைத்தவர் சிரித்துக்கொண்டே, "சரி, என் கண்ணுதான், போகட்டும்" என்பார். நாணயத்தை யாராவது ஏழைக்குக் கொடுத்துவிட்டு, காட்டுச்சாம்பிராணி புகை போட்டு முடித்துவிடுவார்கள். பரஸ்தூ அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

மாந்தானா சிரிக்கவில்லை. கண்ணைச் சுற்றியிருந்த அந்த வெள்ளைப் பட்டை மட்டும் சிவந்தது.

"முட்டை சரியாத்தான் சொல்லுது" என்றாள்.

"ஏய், விளையாட்டுக்குத்தானே" என்றாள் ஹொமா.

"இல்லை ஹொமா கானும், நிஜம்தான். அஞ்சு வருஷமா ஆர்னிகாவைத் தரதரன்னு மலைக்கு இழுத்துட்டுப் போறேன். இன்னும் சின்னப் பசங்க சரிவுல நின்னு அழறா. எங்க அப்பா வம்சத்துல ஸ்கீ தெரியாதவ இவ ஒருத்திதான். அன்னிக்கு பரஸ்தூ நாலே வெள்ளிக்கிழமைன்னு சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லை." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இன்னிக்கு இவ கம்பளத்துல நிமிர்ந்து நின்னா பாருங்க, அப்போ விழட்டும்னு நினைச்சேன். ஒரே ஒரு நிமிஷம். நினைச்சேன்."

பரஸ்தூ ஐஸ் துணியைத் திருப்பி வைத்தாள்.

இதை எப்படிச் சொல்வது. மகளின் முழங்காலில் ஐஸைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு அந்த நேரத்தில் சந்தோஷம் வரலாமா? வந்தது. தேன் மாதிரி இறங்கியது. பத்து வருஷமாக இந்த மாந்தானாவின் நியாவரான் வீட்டை, கண் பட்டையை, சிரிப்பை, 'பாவம் பரஸ்தூ'வை நினைத்துப் புழுங்கியவள் அவள். அந்த மாந்தானா தன்னைப் பார்த்துத் தூக்கம் கெட்டுப் படுத்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் சொல்ல மாட்டாளா என்றுகூட இருந்தது.

மாந்தானா எழுந்து வந்து தெல்சாவின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"பெரியம்மாவை மன்னிச்சுடு செல்லம். நாளைக்கு நான் உனக்கு ஒண்ணு செய்யறேன். ரோப் கார்ல உன்னை உச்சிக்கே கூட்டிட்டுப் போறேன். நானும் நீயும் மட்டும். அங்கேர்ந்து பார்த்தா தமாவந்த் மலை எதிர்ல நிக்கும். நீ முன்னால இறங்கு, நான் பின்னாலேயே வர்றேன். மூணாம் நிலைக்காரிக்கு அந்தச் சரிவு ஒண்ணுமே இல்லை."

தெல்சாவின் கண்கள் விரிந்தன. "நிஜமாவா பெரியம்மா?"

"சத்தியமா."

இப்போது ரகசியப் போன் எதற்கும் உதவாது என்று பரஸ்தூவுக்குப் புரிந்தது. பிடியைத் தளர்த்தி என்ன, இறுக்கி என்ன. நிற்கத் தெரியாத குழந்தையை உச்சியில் கொண்டுபோய் இறக்கிவிடப் போகிறாள் இந்த நல்ல பெரியம்மா. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தத் தேன் நாளைக் காலை ரோப் கார் ஏறும் வரை இனிக்கும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று தெரியாது.

தெல்சா அம்மாவைப் பார்த்தாள். பயம் இல்லை அந்தப் பார்வையில். போகட்டுமா என்று கேட்டாள், அவ்வளவுதான். உச்சியிலிருந்து டயரில் இறங்குவது போல இறங்கிவிடலாம் என்று நினைத்திருப்பாள் குழந்தை.

"மாந்தானா" என்றாள் பரஸ்தூ. 'ஜான்' போட மறந்துவிட்டாள். "அவளைக் கூட்டிட்டுப் போகாதீங்க."

"ஏன், கோபமா? நான்தான் மன்னிப்புக் கேட்டுட்டேனே."

"கோபம் இல்லை. அவளுக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"ஸ்கீ தெரியாது. ஒரு நாள்கூட மாட்டினதில்லை. இன்னிக்குத்தான் முதல் தடவை." தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஆபலில டயர்ல சறுக்கினா. அவ்வளவுதான். படிவத்துல மூணுன்னு நான்தான் போட்டேன். பிடியைத் தளர்த்தணும், அவளைச் சின்னப் பசங்க வகுப்புல விடணும்."

ஹொமா மெதுவாக டீக்கோப்பையைக் கீழே வைத்தாள்.

பரஸ்தூ நிமிர்ந்து மாந்தானாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. முதலில் அந்த முகம் தளர்ந்தது, ஒரு வாரத்துப் பாரத்தை இறக்கி வைத்த மாதிரி. பிறகு கன்னத்தில் நிறம் வந்தது. பிறகு உதட்டோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு, விருந்தில் பார்த்த அதே சிரிப்பு, வந்து உட்கார்ந்துகொண்டது.

"அதானே பார்த்தேன்" என்றாள். "டயர்லயா? அட பாவமே. சொல்லியிருக்கலாமே பரஸ்தூ ஜான். இதுல என்ன வெட்கம், எங்க பிறந்தோமோ அதுக்கு நாம என்ன பண்ண முடியும்." அவள் கை பரஸ்தூவின் தோளைத் தட்டிக்கொடுத்தது. "அப்போ நீயும் டயர்லதானா?"

அந்தத் தட்டல்தான் கெடுத்தது. திட்டியிருந்தால் பரஸ்தூ அழுதிருப்பாள், அழுதிருந்தால் எல்லாம் கொட்டியிருக்கும்.

"நான் கத்துக்கிட்டேன்" என்றாள்.

ஹொமா நிமிர்ந்தாள்.

"நான் பாடம் எடுத்துட்டிருந்தேன். அவ அந்த நேரத்துல டயர்ல விளையாடிட்டிருந்தா. வாத்தியார் அசந்துபோனது என்னைப் பார்த்துத்தான்."

தெல்சா வாயைத் திறந்தாள். அம்மாவின் கை அவள் முழங்கால் மேல் கொஞ்சம் அழுந்தியது. தெல்சா வாயை மூடிக்கொண்டாள்.

மாந்தானா தலையைச் சாய்த்து ஓர்ப்படியை ஒரு பார்வை பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று அந்தப் பார்வையிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"அப்படின்னா சரி. குழந்தை கீழே வகுப்புல இருக்கட்டும். உச்சிக்கு நாம ரெண்டு பேரும் போலாம். ஒன்பது மணிக்கு ரோப் கார் வரிசையில நிக்கறேன்."

"வர்றேன், மாந்தானா ஜான்."

நாலு மணிக்கு பெஹ்ரங் வந்தான். விஷயத்தை ஹொமாதான் சுருக்கமாகச் சொன்னாள். அவன் மகளின் முழங்காலைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், ஒரு வார்த்தை திட்டவில்லை. சாயங்காலம் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்றான், இரவுக்குள் வீக்கம் ஏறினால் பயணமே ரத்து என்றான். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தங்கிவிட்ட மாந்தானா அப்போதுதான் கிளம்பி, வாசலில் ஆர்னிகாவின் ஸ்கீயைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

பெஹ்ரங் தெல்சாவின் ஸ்கீயைக் கையில் எடுத்தான். "கடை ஆறு மணி வரைக்கும்தான். சரியான நிலையைச் சொல்லி அவனையே மாத்தச் சொல்றேன், நாம கை வைக்க வேண்டாம்." கதவருகே போனவன் நின்றான். "உன்னோடதையும் குடு. போறதுதான் போறேன், அதையும் ஒரு தடவை பார்க்கச் சொல்றேன்."

வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் நின்றது.

பரஸ்தூவின் ஸ்கீ சுவரோரம் சாய்ந்திருந்தது. அதன் பிடியில் என்ன எண் என்று அவள் இன்னும் பார்க்கவில்லை. கையை நீட்டினால் போதும், எடுத்துக் கொடுத்துவிடலாம்.

"வேண்டாம்" என்றாள், வாசலுக்கும் கேட்கிற மாதிரி. "என்னோடது சரியாத்தான் இருக்கு."

கதவு மூடியது. லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. ஹொமா உடைந்த முட்டையைத் துணியோடு சுருட்டிக்கொண்டு கீழே போனாள்.

தெல்சா சோபாவில் இருந்தபடியே அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நீ விழுந்தா அது கழலாதே?"

"நான் விழ மாட்டேன்" என்றாள் பரஸ்தூ.